அரை மாத்திரை

சூரமங்கலம், 1961

இன்பமேரி அப்பாவுக்கு,

ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அரை மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளிக்கிறீர்கள் என்று உங்கள் தம்பி வந்து சொன்னார். எனக்குக் கோபம்தான்.

முதுகுவலிக்கென்று பழைய டாக்டர் எழுதிக்கொடுத்துப் பழகிப்போன தூக்க மாத்திரையை, ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கியதும் அடியோடு விடுவதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டீர்கள். முதல் வெள்ளியே, கோயிலில் சிலுவைப்பாதை செபத்தின்போது வலிப்பு வந்து விழுந்தீர்கள். அதை இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாதுங்க. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதுதான் வைத்தியம் என்று இந்த டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன்.

பங்குச் சாமியாரிடம் பேசிவிட்டேன். அந்த நேர்ச்சை உங்களைக் கட்டுப்படுத்தாது என்றார். ஆனாலும் மாதாவுக்குக் குறை வேண்டாமென்று, உங்களுக்குப் பதில் நான் காப்பியை விட்டிருக்கிறேன். நேற்றிலிருந்து தலை வெடிக்கிறது. மகளிடம் எரிந்து விழுகிறேன். நீங்கள் பட்டது இதைப்போல எத்தனை மடங்கோ.

மாத்திரையை விழுங்கிவிட்டு, நானும் காப்பியை அடியோடு விடாமல் அரை டம்ளராகக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு எழுதுங்க.

உங்கள் வீட்டுக்காரி