காலியாயிருந்த கதிரை

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் உங்களைச் சுகமாய் வைத்திருப்பாராக. முழங்கால் நோ எப்படி? போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் சமைக்கும் மெனோனைட் வேதாகமக் கல்லூரி ஜனவரியில்தான் வெள்ளவத்தையில் ஒரு வாடகை வீட்டு கராஜில் தொடங்கியது. நேற்று அதன் முதல் திருவிருந்து. நம் சபை வழக்கப்படி ஆண்கள் ஆண்களுக்கும் பெண்கள் பெண்களுக்கும் கால் கழுவவேண்டும். வீட்டைக் காலி பண்ணச் சொல்ல வந்த வீட்டுக்காரர் புவாத் நானா, காலியாயிருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அதிபர் ஐயா அவரும் வழிபாட்டுக்கு வந்தவர் என்று நினைத்து, தண்ணீர்ச் சட்டியோடு அவர்முன் முழந்தாளிட்டார்.

“அல்லாஹ்வே! மாஸ்டர், நான் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒழு எடுத்துட்டுத்தானே வந்த!”

எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். போகும்போது, “சரி, மகள்ட கலியாணம் வரைக்கும் இரிங்க” என்றார். கலியாணம் எப்போது என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அரிசி மூட்டை வாங்குவதா, பெட்டியை அடுக்குவதா என்று தெரியாமல் குசினிக்குள் நடந்துகொண்டிருக்கிறேன்.

இங்கே பெண் என்று நான் ஒருத்திதான். என் காலை நானே குழாயடியில் கழுவிக்கொண்டேன். அடுத்த திருவிருந்துக்கு நாலு நாள் வந்து நில்லுங்கோ. அதற்கு முன் யாரிடமாவது வேப்பெண்ணெய் கொடுத்துவிடுங்கோ. குதிகால் வெடித்துக் கிடக்கிறது, உங்களுக்குக் காட்ட வெட்கம்.

பருப்பு அடிப்பிடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்
எஸ்தர்