வெடி வெடித்து எண்ணிய பறவைகள்

காஞ்சிபுரம்,
மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் யாழினிக்கு, உன் அம்மா ஆசியோடு எழுதுவது. அருகன் அருளால் நான் நலமாகத்தான் இருக்கிறேன், என் முட்டி வலியும் ஒரு குறையும் இல்லாமல் நலமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பனி தேசத்தில் நலம் என்று நானே வைத்துக்கொள்கிறேன், வேறு என்ன செய்வது, போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். நார்வேக்குத் தபாலில் போட்டால் உன் கைக்கு வருவதற்குள் காரியம் கெட்டுவிடும், ஆகவே யுவராஜ் இதைப் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவான். தன்னைப் பற்றி நான் எழுதப்போவதையெல்லாம் உன் சித்தப்பா மகன் தன் கையாலேயே படம் எடுக்கட்டும், அவனுக்கு அதுவே பாதி தண்டனை.

வீட்டுச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். பங்குனி பிறந்ததும் பிறக்காததுமாக மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மணியம்மாளின் பேத்திக்குக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அவர்கள் தறியிலேயே நெய்த பட்டுப் புடவை ஒன்றை எனக்கென்று எடுத்து வைத்திருந்தாள். ஐம்பது வருஷமாகப் பிள்ளையார்பாளையத்துத் தறிச் சத்தத்தில் குடியிருந்தும் நான் பட்டு உடுத்தாதவள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் "பூச்சி எப்பவோ செத்துப்போச்சுக்கா, இப்ப நீ கட்டிக்கினா இன்னா பாவம் வந்துடப்போவுது" என்கிறாள். அவள் மனம் நோகக் கூடாது என்று வாங்கிக்கொண்டு, மேடையில் கல்யாணப் பெண்ணுக்கே வைத்துக் கொடுத்துவிட்டு என் கைத்தறிப் பருத்தியோடு வீடு வந்து சேர்ந்தேன். மாவு மெஷின் பழுது, பழுது பார்க்கிறவன் நாளை நாளை என்கிறான். இவ்வளவுதான் வீட்டுச் செய்தி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எந்தெந்த ஏரிகளைப் பறவைகளுக்காகப் பாதுகாப்பது என்று உங்கள் நிபுணர் குழு அரசாங்கத்துக்குத் தயாரித்த வரைவுப் பட்டியலை, அடிக்குறிப்பு உட்பட, முழுவதும் படித்தேன். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் நம் சொந்த ஊர் ஏரி அதில் இல்லை. நீ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்திருந்த ஏரி, அதற்காக என்னிடம் அடி வாங்கிய ஏரி, உன் அப்பா என்னிடம் கோபித்துக்கொண்டு மறுநாளே உனக்குப் பைனாகுலர் வாங்கி வந்த ஏரி. கணக்கெடுப்பின்போது கூடு கட்டும் பறவைகள் காணப்படவில்லை என்று பின்னால் ஒரே ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். பட்டியலில் இருந்தால் ஏரிக்குள் இருக்கும் கருவேல மரங்களை யாரும் தொட முடியாது. இல்லாவிட்டால் சுற்றிலும் நடைபாதை, கலர் விளக்கு, படகுத்துறை என்று ஒரு திட்டம் தயாராக நிற்கிறது, அதில் முதல் வேலையே அந்த மரங்களை வேரோடு எடுப்பதுதான். எடுத்த பிறகு நாரை எதன் மேல் கூடு கட்டும், கலர் விளக்கின் மேலா?

ஏன் காணப்படவில்லை என்று உங்கள் அறிக்கை சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பொங்கல் முடிந்து எண்ணுவதற்கு ஆள் வருகிறது என்று தெரிந்ததும் பஞ்சாயத்துத் தலைவராகிய உன் அண்ணன் யுவராஜுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பெரிம்மா, நம்ம யாழினி எழுதிக் குடுத்த முறையில எண்றதுக்கு வராங்க, சும்மா வந்துட்டு சும்மா போனா ஊருக்கு இன்னா மரியாதை" என்று ஆரம்பித்தான். ஏதோ சால்வை போடப்போகிறான் என்று நினைத்து நானும் போனேன். போய்ப் பார்த்தால் கரை மேல் ஷாமியானா, பேண்டு மேளம், ஒலிபெருக்கி, உன் முகத்தைப் பெரிதாக்கிப் போட்ட பேனர், முதல் வரிசையில் எனக்குச் சிவப்புத் துணி போர்த்திய நாற்காலி. ஜீப் வந்து நின்றதுதான் தாமதம், பத்தாயிரம் வாலா வெடித்தார்கள். பூச்சி விழுந்து சாகும் என்று இருட்டிய பின் அடுப்புப் பற்ற வைக்காத குடும்பத்தில் பிறந்தவன் செய்கிற காரியமா இது? நான் எழுந்து கத்தியது என் காதுக்கே கேட்கவில்லை. மரங்களில் இருந்தது அத்தனையும் வெள்ளை வெள்ளையாக எழும்பி, ஏரிக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, முசரவாக்கம் பக்கமாகப் போயேபோய்விட்டது. எண்ண வந்த பெண்ணுக்கு சிம்ரன் என்று பெயர், நல்ல பெண். கழுத்தில் மாலையும் பைனாகுலரும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ள, ஏரியைப் பார்த்துவிட்டு "சார், பேர்ட்ஸ் எங்கே?" என்றாள். இவன் வாயெல்லாம் பல்லாக, "தோ, இங்கதான் போயிக்கீது, வந்துடும் மேடம், நீங்க மொதல்ல டிபன் சாப்டுங்க" என்கிறான். அவள் வெண்பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு, ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போனாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன், பார்த்ததைத்தான் எழுதினாள்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்து சொன்னேன். குஞ்சு இருந்தால் எந்தச் சத்தத்துக்கும் தாய்ப் பறவை கூட்டை விட்டுப் போகாதே அம்மா, போனாலும் சாயங்காலமே திரும்பியிருக்குமே என்றாய். அதைத்தானே நானும் சொல்கிறேன். குஞ்சும் இல்லை, முட்டையும் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் பெய்ய வேண்டிய மழை இந்தத் தடவை மார்கழி பாதியில்தான் பெய்தது, ஏரி நிரம்பியதே பொங்கலை ஒட்டித்தான், போன வருஷமும் ஏறக்குறைய இதே கதை. பறவைகள் அப்போதுதான் வந்து மரம் பார்த்துக்கொண்டிருந்தன. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்களை வாசலிலேயே வெடி வைத்து வரவேற்றால் யார் தங்குவார்கள்? மழை தள்ளிப் போய்விட்டது, பறவையும் தள்ளிப் போட்டுக்கொண்டது, உங்கள் கணக்கெடுப்பு மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் வந்து நிற்கிறது. பருவம் மாறுவதால் பறவைகளின் காலமும் மாறுகிறது என்று தேசம் தேசமாகப் போய்ப் பேசுகிறவள் நீ. அந்தப் பேச்சை எல்லாம் யூடியூபில் ஒன்று விடாமல் கேட்டிருக்கிறேன். அப்படியானால் எண்ணுகிற மாதமும் மாற வேண்டாமா என்று கை தட்டியவர்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா? அவர்களை விடு, உனக்குத் தோன்றவில்லையா?

வியாழக்கிழமை ஆட்டோ பிடித்து நானே போய்ப் பார்த்தேன். எல்லாம் திரும்பி வந்திருக்கின்றன. நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், மரத்துக்கு மரம் கூடு, கூட்டுக்குக் கூடு குஞ்சு, அவை போடுகிற கூச்சலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்ததே எனக்குக் கேட்கவில்லை. கரையை ஒட்டிக் குடியிருக்கும் கங்கையம்மாளை உனக்கு நினைவிருக்கும், உன் சைக்கிள் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கி விட்டவள். என்னைப் பார்த்ததும், "வாம்மா, எண்றதுக்கு வந்தியா, நல்லா எண்ணிக்கினு போ, என் வூட்டு ஷீட்டு மேல பேண்டு வச்சிகீதே, அத்தையும் சேத்து எண்ணு" என்று வரவேற்றாள். கரையில் பத்து நிமிஷம் நின்றதற்கே என் முக்காட்டின் மேலும் விழுந்தது, ஆகையால் அவளோடு நான் வாதாடவில்லை. பிறகு, "உன் பொண்ணு ஐஸ் கட்டி மேல உக்காந்துக்கினு கொக்கைக் காப்பாத்துது, எம்புள்ள சிவராஜுக்கு போட்டு ஓட்ற வேலை வந்தா உங்களுக்கு மட்டும் பொறுக்கல" என்றாள். வைகாசியில் தண்ணீர் வற்றிப்போனால் சிவராஜ் எதில் படகு ஓட்டுவான் என்று கேட்டேன். "வத்துனா தள்ளிக்கினு போவான், உனக்கின்னா" என்றாள். அங்கேயே சிரித்துவிட்டேன், ஆனால் ஆட்டோவில் ஏறிய பிறகு சிரிப்பு வரவில்லை. மகனுக்கு உள்ளூரில் ஒரு வேலை வேண்டும் என்று நினைப்பது என்ன தப்பு? உங்கள் அத்தனை பக்கத்தில் அவளுக்கென்று ஒரு வரி இருக்கிறதா? தேடினேன், இல்லை.

இப்போது உன் விஷயம். பட்டியலைப் பார்த்துவிட்டு நான் போன் செய்தபோது, சொந்த ஊர் சம்பந்தப்பட்டது, நான் வாயைத் திறந்தால் முறையாகாது, விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றாய். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தில் அன்று போனை வைத்தவள்தான், நீ அதன் பிறகு கூப்பிட்டும் எடுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் நீ செய்தது சரி. நான் படித்த கான்வென்டில் தங்கை படிக்கிற வகுப்புக்கு அக்காவை ஒருநாளும் மேற்பார்வைக்கு விடமாட்டார்கள், நானே அப்படி வெளியில் நின்றிருக்கிறேன். ஆகவே நம் ஏரிக்காக நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், அதன் பெயரையே எடுக்க வேண்டாம். ஆனால் எண்ணும் முறையை எழுதியவள் நீதானே? அந்த முறைக்கு எந்த ஊர் சொந்த ஊர்? மழை நமக்கு மட்டுமா தள்ளிப் பெய்தது? இந்த மாவட்டத்தில் எத்தனை ஏரி இருக்கிறதோ அத்தனையிலும் காலி மரத்தைப் பார்த்துவிட்டுப் பறவை இல்லை என்று எழுதியிருப்பார்கள், அத்தனைக்கும் வெடி வைக்க யுவராஜ் போகவில்லை. மாதத்தைப் பார்த்து எண்ணாதே, தண்ணீரைப் பார்த்து எண்ணு, ஏரி நிரம்பிச் சில வாரம் கழித்து ஒரு தடவை, அதன் பிறகு இன்னொரு தடவை. இதைச் சொல்வது பாரபட்சம் ஆகாது. ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. நீ வாய் திறக்காமல் இருப்பதற்கு நேர்மை ஒரு காரணம், நான் எழுதியது தப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டுமே என்பது இன்னொரு காரணம். உன்னைப் பெற்றவளுக்கு இதுகூடத் தெரியாதா? சொல்லிவிடு. சொன்னால் உன் பட்டம் ஒன்றும் பறந்துவிடாது.

நம் ஏரியை நான் பார்த்துக்கொள்கிறேன். பொதுமக்கள் இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் கருத்துச் சொல்லலாம் என்று போட்டிருக்கிறார்கள், நான் பொதுமக்கள்தானே. ஒரு பக்க ஆங்கிலத்தில், ஒரு அநாவசியச் சொல் இல்லாமல், மறு கணக்கெடுப்பு வேண்டும் என்று எழுதி அனுப்பியாகிவிட்டது. வெடி வெடித்தது நான்தான் என்று யுவராஜும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். "எலக்ஷன் வருது பெரிம்மா, ஊரே சிரிக்கும்" என்று முதலில் அழுதான். ஊர் இப்போதே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது, நீ போடு என்றேன், போட்டான். கங்கையம்மாளும் கையெழுத்துப் போட்டாள், ஆனால் ஏரிக்குக் காவல் ஆள் போட்டால் உள்ளூர்ப் பிள்ளைகளைத்தான் போட வேண்டும் என்று என்னை ஒரு வரி சேர்க்க வைத்த பிறகுதான் போட்டாள். அந்த வரியை நீங்களும் உங்கள் அறிக்கையில் சேர்க்கலாம். இருபத்துநான்காம் தேதி உங்கள் குழு கூடுகிறது என்று சொன்னாயே, நம் மனு வரும்போது நீ சொன்னபடியே எழுந்து வெளியே போ. அதற்கு முன்னால் எண்ணும் முறையைப் பற்றிய பேச்சு வரும், அப்போது மட்டும் உட்கார்ந்து பேசு.

நீயும் மாப்பிள்ளையும் நோயில்லாமல், மனக்குறை இல்லாமல், நல்ல பெயரோடு நீண்ட நாள் வாழ வேண்டும், அதைத்தான் தினமும் வேண்டுகிறேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடு. மார்கழியில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது என்று பட்டினி கிடப்பதும் வேண்டாம், கோடையில் சூரியன் மறைவதே இல்லை என்று நடு இரவில் நூடுல்ஸ் தின்பதும் வேண்டாம், மாப்பிள்ளை எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டார். மறு கணக்கெடுப்புக்கு சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும், குஞ்சுகள் பறந்து போவதற்குள் சித்திரையில் ஒரு வாரம் லீவு போட்டுக்கொண்டு வா. இந்தத் தடவை உனக்குப் பேனர் கிடையாது, மேளம் கிடையாது, ஒரு மாலையாவது போடட்டுமா என்று கேட்ட யுவராஜிடமும் வாயை மூடு என்று சொல்லிவிட்டேன். ஆட்டோவைக்கூட மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட வேண்டும். கரையில் நான் மட்டும் நிற்பேன், உன்னைப் பார்த்தாலும் கூப்பிடமாட்டேன். செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து வந்து என் பக்கத்தில் நில்.

இப்படிக்கு உன் அம்மா,
சாந்திமதி ரிஷபதாஸ்