மூன்றாவது கேள்விக்கு விடை

டீச்சர்,

இன்று ஆசிரியர் அறை பீரோவைக் காலி செய்தோம். அடித்தட்டில் பூசணம் பிடித்த ஒரு கட்டுக்குள் உங்கள் கையெழுத்தில் அந்த வினாத்தாள் இருந்தது. எட்டாம் வகுப்பு, கதையைப் படித்து விடை எழுதுக. அந்த வாடையோடு உங்கள் குரலும் எழுந்து வந்தது. வாசலில் நீங்கள் நிற்பதுபோல் தோன்றித் திரும்பிப் பார்த்தேன்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பாடப்புத்தகத்தில் இல்லாத கதை வேண்டும் என்றார்கள். நீங்களே ஒன்றை எழுதிவந்தீர்கள். செவ்வாய்க்குப் போகும் விண்கலத்தில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். கலத்தில் காற்று குறைந்துகொண்டே வருகிறது. பூமியிலிருந்து தினமும் விசாரிக்கிறார்கள். "நலமாக இருக்கிறேன்" என்றே அவள் பதில் அனுப்புகிறாள். மூன்றாவது கேள்வி: அவள் ஏன் பொய் சொன்னாள்?

விடைக்குறிப்பு எழுதியவள் நான். 'பூமியில் இருப்பவர்கள் பயப்படக் கூடாது என்பதற்காக.' நீங்கள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"அது மட்டும் இல்லீங்க டீச்சர்," என்றீர்கள். "அவ உண்மையச் சொல்லிட்டான்னு வெச்சுக்குங்க. அப்பறம் எல்லாரும் அவகிட்ட அதையேதான பேசுவாங்க? சும்மா சிரிச்சுப் பேச ஒருத்தருமே இருக்க மாட்டாங்களே."

"எட்டாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு இது நொம்ப அதிகமுங்க," என்று சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். விடைக்குறிப்பு அப்படியே அச்சுக்குப் போனது.

அந்த மாதங்களில் சனிக்கிழமைதோறும் சேலத்துக்குப் பஸ் ஏறினீர்கள். பல் வலி என்றீர்கள். ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது.

"என்னங்க, இப்படி இளைச்சுட்டீங்க?"

"பள்ளிக்கூடத்துக்குக் கொட்டச்சேட்டு மேட்டுல தினம் ஏறி எறங்கிப் பாருங்க, தெரியும்."

நம்பினேன். உங்கள் கதையை எழுத்துப்பிழைக்காக மூன்று முறை படித்தவள், நிமிர்ந்து உங்களை ஒரு முறை சரியாகப் பார்க்கவில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது நீங்கள் இல்லை. துக்கம் கேட்க வந்த என்னை, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் உங்கள் கணவர் காப்பிச் செடிகளுக்கு நடுவே தனியாக அழைத்துப்போனார். வயிற்றில் கட்டி இருந்தது கடைசி வாரத்தில்தான் அவருக்கே தெரியுமாம்.

"ஏனுங்க, எங்கிட்டத்தான் சொல்லலை. இத்தனை நாளா தன்னந்தனியாவா சுமந்துட்டுத் திரிஞ்சா? உங்ககிட்டயாவது சொல்லியிருந்தாளுங்களா?"

அவர் முகத்தைப் பார்த்தேன்.

"சொன்னாங்க," என்றேன். "எல்லாத்தையும் சொன்னாங்க."

செடியைப் பிடித்துக்கொண்டு அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "அப்பச் செரிங்க, அப்பச் செரிங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார்.

அதன் பிறகு என்னை எங்கே பார்த்தாலும் நிறுத்திவிடுகிறார். போன வாரமும் ஏற்காடு கடைவீதியில், குடையை மடக்கிக்கொண்டு அருகில் வந்தார். "வேற ஏதாச்சும் சொன்னாளுங்களா டீச்சர்?"

அவருக்காக நானாகவே ஒன்றைப் புனைந்து சொன்னேன். ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், உங்கள் பேச்சிலேயே, நீங்கள் இழுத்துச் சொல்லும் அதே இழுப்பில். இப்போதெல்லாம் தனியாக இருக்கும்போது உங்களை நினைத்தால் அந்தப் பேச்சுகள்தான் முதலில் வருகின்றன. எது நீங்கள் சொன்னது, எது நான் சொன்னது என்று எனக்கே தெரியவில்லை.