கனடாப் பெட்டியும் லண்டன் சிடியும்

மச்சாள்,

இன்று காலை கடைத்தெருவில் போன் திருத்தும் கடையொன்றில் நின்றபோது ஈயம் உருகும் மணம் வந்தது. குங்கிலியம் புகைத்ததுபோல ஒரு மணம், அடியில் கொஞ்சம் காரல். எனக்கு முன்னால் நின்ற பெண் லேஞ்சியால் மூக்கைப் பொத்தினாள். நான் இன்னொரு மூச்சு நன்றாக இழுத்துக்கொண்டேன். உன் இரண்டாம் ஆண்டுத் திவசத்துக்கு ஐயர் வந்து வீடு நிறையப் புகை போட்டார். அப்போது வராத நீ, ஒரு போன் கடையில் வந்து நின்றாய். உன் குணத்துக்கு அது சரிதான்.

அந்த மணத்தை நான் முதன்முதலில் அறிந்தது கப்பல்துறைக் கிராமத்தில், உங்கள் வீட்டுக் குசினி மேசையில். சமாதானம் என்று சொல்லப்பட்ட காலம் கையைவிட்டுப் போய், சோதனைச்சாவடிகளில் மறுபடி மணல்மூட்டை ஏறத் தொடங்கிய நாட்கள். கனடாவிலிருந்து உன் அண்ணன் உனக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி அனுப்பியிருந்தார். அதில் போட்டு விளையாட லண்டனிலிருந்து உன் அக்கா ஒரு கார் ஓட்டச் சிடி அனுப்பியிருந்தார். இரண்டும் கடையில் வாங்கிய அசல் சாமான். கனடாப் பெட்டி நம் ஊர்க் கரண்டைத் தாங்காது என்று நீ முதலில் ஒரு ட்ரான்ஸ்போமர் பொருத்தினாய். பிறகு சிடியைப் போட்டாய். பெட்டி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. கனடாப் பெட்டி கனடாப் பக்கத்துச் சிடியைத்தான் படிக்குமாம். செய்த கொம்பனி அப்படிப் பூட்டி அனுப்பியிருந்தது.

"அண்ணன் தந்ததுக்கு அக்கா தந்தது ஒத்துவராதாம்," என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டுக்கு ஓடவேண்டி வரும் என்று அந்தப் பூட்டைச் செய்தவனுக்கு யார் போய்ச் சொல்வது?

நீ சும்மா இருக்கிற ஆளா? ரேடியோ, ரீவி திருத்தப் படித்த கை. கொழும்பிலிருந்து அந்தப் பூட்டை ஏமாற்றும் ஒரு சின்னச் சிப் எடுப்பித்து, பெட்டியைக் கழற்றி, மயிர் பருமன் வயர்களை ஒவ்வொன்றாக ஈயம் வைத்து ஒட்டினாய். நானோ நகரில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலை செய்துகொண்டிருந்தேன். சட்டம் என்றால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

"இது களவு வேலையடி," என்றேன்.

"ஆரின்ர சாமானைக் களவெடுத்தனான்?"

"பூட்டை உடைக்கிறாய்."

"என்ர பெட்டியில இருக்கிற பூட்டு. ட்ரான்ஸ்போமர் வைக்கேக்க நீ வாய் திறக்கேல்லை. கரண்டை மாத்தினாப் பரவாயில்லை, லண்டன் சிடியைப் படிக்க வைச்சா மட்டும் களவோ?"

தோற்றுப்போக மனமில்லாமல் அலுவலகத்தில் புலமைச் சொத்துச் சட்டத்தைப் புரட்டினேன். பூட்டுகளை ஏமாற்றும் கருவிகளை விற்பதற்கென்று செய்கிறவர்களையும் இறக்குமதி செய்கிறவர்களையும் பற்றித்தான் எனக்கு விளங்கியது. தன் குசினியில், தன் பெட்டியை, தன் சிடிக்காகத் திறக்கிறவள் குற்றவாளியா என்று நேராக ஒன்றும் என் கண்ணில் படவில்லை. சட்டத்தரணி ஐயாவிடமே கேட்டேன். "பிள்ளை, இதை எழுதினவை உன்ர மச்சாளின்ர குசினியை நினைச்சு எழுதேல்லை," என்றார். உன்னிடம் வந்து அப்படியே சொன்னேன். "அப்ப நான் நினைச்சுக்கொள்ளுறன்," என்றுவிட்டு நீ ஈயத்தை உருக்கினாய்.

கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. அந்தச் சிப்புக்கு அசல் சிடியும் ஒன்றுதான், திருட்டுத்தனமாகப் பதித்த சிடியும் ஒன்றுதான். உன் கைவேலை தெரியவந்ததும், நகரில் கேம் கடை வைத்திருந்தவர் தன் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் சிப் வைத்துத் தரச் சொல்லி வந்தார். பதித்த சிடிகளைப் போட்டு ஓட்டுவதுதான் அவர் எண்ணம். நீ மாட்டேன் என்றாய்.

"பெட்டி என்ர எண்டா நான் திறப்பன். அந்த விளையாட்டைச் செய்தவன்ர உழைப்பு என்ர இல்லை."

"சிப்புக்கு அந்த வித்தியாசம் தெரியுமோ?" என்று சீண்டினேன்.

"சிப்புக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

சொல்ல நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் அசல் சிடி விற்கிற கடை ஒன்றுகூட நம் ஊரில் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. லண்டனில் அக்கா இல்லாத பிள்ளை எதைப் போட்டு விளையாடும் என்று கேட்டேன். களவு களவு என்று கத்தியவள் களவுக்கு வக்காலத்து வாங்கியதைப் பார்த்து நீ சிரித்தாய். "நீ கேக்கிறது ஞாயம்தான். எண்டாலும் நான் செய்யமாட்டன்," என்றாய். அந்த இடத்தில் இன்றைக்கும் நான் முழுக்க உன் பக்கம் இல்லை, மச்சாள். நீ இருந்தால் இன்னொரு முறை சண்டை பிடிக்கலாம்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. உங்கள் ரீவி இடி விழுந்து பழுதாகிவிட்டதால், பெட்டியை உவர்மலையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து விளையாடுவதாக ஏற்பாடு. உன்னைக் கூட்டிப்போக நான் வந்திருந்தேன். நீ பெட்டியின் மூடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, திறந்த பெட்டியைத் துவாயால் போர்த்தினாய்.

"மூடிக்கொண்டு போனாக் கழட்டிக் காட்டச் சொல்லுவாங்கள். திறந்தே கொண்டுபோவம். ஒளிக்க ஒண்டும் இல்லையெண்டு பாத்த உடனே தெரியும்."

சோதனைச்சாவடி வருமுன்னே கைப்பையின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு நடந்து பழகிய சனம் நாங்கள். அதனால் எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. இரண்டு பேரும் படித்தவர்கள் வேறு.

சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நின்றோம். உன் முறை வந்ததும் துவாயை விலக்கினாய். சிவப்பும் மஞ்சளுமாக வயர் ஒட்டிய பலகையைக் கண்டதும் சிப்பாய் கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தான். வரிசை சிதறி ஓடியது. நம் இருவரைச் சுற்றி ஒரு ஈ, காக்கைகூட இல்லை. சற்று நேரத்தில் எங்களை விட்டுவிட்டு பஸ்ஸும் போய்விட்டது.

அதிகாரி வந்தார். மாமா கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் அங்கே வளர்ந்ததால் சிங்களம் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு அரைகுறை. இதை யார் செய்தது என்று அவர் கேட்டது மட்டும் தெளிவாக விளங்கியது. அந்த நாட்களில் அப்படிக் கேட்டுக் கூட்டிச் செல்லப்பட்டவர்களில் பலர் வீடு திரும்பவில்லை.

"கடையில செய்தது எண்டு சொல்லு," என்று உன் காதுக்குள் சொன்னேன்.

"அப்ப கடைக்காரரைப் பிடிப்பாங்கள்," என்றுவிட்டு, நான்தான் செய்தேன் என்று அதிகாரியிடம் சொன்னாய். கனடா அண்ணனையும் லண்டன் அக்காவையும் விளங்கப்படுத்தினாய். அவர் நம்பவில்லை. உள்ளே கிரிக்கெட் பார்க்க வைத்திருந்த ரீவியைக் காட்டி, ஓட்டிக் காட்டு என்றார். நீ பொருத்தினாய். பைக்குள் இருந்து ட்ரான்ஸ்போமரையும் எடுத்து மாட்டினாய். லண்டன் சிடி சுழன்று, ஒரு சிவப்புக் கார் திரையில் உறுமிக்கொண்டு வந்தது. முதலில் சிரித்தவன் அந்தப் பின்னால் பாய்ந்த சிப்பாய்தான். அதிகாரியின் முகமும் இளகியது.

அப்போதுதான் அவர் மெதுவாகச் சொன்னார்: பெடியங்களுக்கு இங்கே பொழுது போவதில்லை, பெட்டியை வைத்துவிட்டு நீங்கள் போங்கள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகிறதே என்று எனக்கு மகிழ்ச்சி. "வைச்சிருங்கோ சேர்," என்று நானே சொல்லிவிட்டேன்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "அது உன்ர பெட்டியே?"

பிறகு அவரைப் பார்த்து, "பே, சேர்," என்றாய். ஏலாது என்பதற்குச் சிங்களத்தில் அதைவிடச் சின்னச் சொல் இல்லை. விளையாட விருப்பமென்றால் கேளுங்கள், தருகிறேன். உங்களிடம் சொந்தப் பெட்டி இருந்தால் கொண்டுவாருங்கள், அதையும் திறந்து தருகிறேன். என்னுடையதை வைத்துவிட்டுப் போகமாட்டேன். இவ்வளவும் சொன்னாய்.

உன் அடையாள அட்டை அவர் கையில் இருந்தது. அது அவருடைய சட்டைப் பைக்குள் போனால் நீயும் போனாய். நான் அந்தப் பையை மட்டுமே பார்த்துக்கொண்டு, கோணேசப் பெருமானிடம் இல்லாத நேர்த்திக்கடனெல்லாம் வைத்தேன். அவர் அட்டையைப் புரட்டினார், நகத்தால் தட்டினார், உன்னிடம் நீட்டினார்.

"மூடிட்டுப் போ," என்றார் தமிழில்.

நீ ஒரு ஸ்குரூ ட்ரைவர் தரமுடியுமா என்று கேட்டாய்! தந்தார்கள். அங்கேயே குந்தியிருந்து, ஓர் ஆணி விடாமல் சாவதானமாக முடுக்கினாய். உன்னைக் கொன்றுவிடலாம் போல இருந்தது எனக்கு.

பஸ் இல்லை. சீனக்குடா றோட்டால் நடந்தோம். வழி நெடுக உன்னைத் திட்டினேன். "ஒரு விளையாட்டுச் சாமானுக்கு உயிரைக் குடுப்பியோ?"

நீ பெட்டியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாய். "பறிச்சா பறிக்கட்டும், மச்சாள். என்னால தடுக்க ஏலாது. ஆனா வைச்சிருங்கோ எண்டு நான் சொன்னா, அது நான் குடுத்ததாப் போயிடும். குடுக்காததைக் குடுத்ததெண்டு நான் சொல்லமாட்டன்."

உயிர்தான் பெரிது என்று இன்றைக்கும் சொல்லுவேன். உனக்கு அன்று வாய்த்தது மற்றவர்களுக்கு வாய்க்கவில்லை என்பதும் தெரியும். ஆனாலும் நீ சொன்ன அந்த வார்த்தை இல்லாமல் நான் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை.

அதே அலுவலகத்தில்தான் இருக்கிறேன். இப்போது காணி வழக்குகள்தான் அதிகம். போன கிழமை ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடித் திரும்பிவந்தபோது அவருடைய காணியைச் சுற்றி வேறு யாரோ வேலி அடைத்திருந்தார்களாம். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, "அது முந்தி எங்கட காணி, பிள்ளை," என்றார்.

நான் தட்டச்சை நிறுத்தினேன்.

"நீங்கள் குடுத்தனீங்களோ, அம்மா?"

"ஐயோ, நான் ஏன் குடுக்கிறன்? அவையள் எடுத்தவை."

"அப்ப 'முந்தி' எண்டு சொல்லாதேங்கோ."

அவர் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தார்.

"அது எங்கட காணி," என்றார்.

அதைத்தான் முதல் வரியாக அடித்தேன்.