குங்குமத்துக்கு அடியில்

செம்மேடு டவர் நிலையம், செவ்வாய் கிரகம்
ஆயுத பூஜை, காலை 9.10

டவர் சீராக இயங்குகிறது. பேட்டரி நிறைந்திருக்கிறது. இசக்கிராஜும் மெகருன்னிசாவும் வண்டியில் வடக்குப் பள்ளத்தாக்குக்குப் போயிருக்கிறார்கள். நாளை மாலை திரும்ப வேண்டும். நிலையத்தில் நான் மட்டும்.

கருவிகளைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தேன். டவர் அடியில் இருக்கும் சர்ஜ் அரெஸ்டர்களையும் விடவில்லை. டவரில் மின்னல் பாய்ந்தால் அதைத் தாமே வாங்கிக்கொண்டு மண்ணுக்குள் இறக்கிவிடும் சின்னப் பெட்டிகள் அவை. ரேடியோ பிழைப்பது அவற்றால்தான்.

பூஜைப் படத்தை வண்டிக்கு அனுப்பினேன். இசக்கியின் பதில்: "பொரிகடலைய நீங்களே காலி பண்ணிராதீங்கக்கா. மெகருன் இப்பவே பங்கு கேக்கா."

மாலை 4.30

புழுதிப் புயல். மணல் உரசி உரசிக் காற்றிலேயே மின்சாரம் ஏறுகிறது. டவர் உச்சியில் நான்கைந்து முறை நீலமாக அடித்தது. ரேடியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கவச உடை மாட்டிக்கொண்டு போய் அரெஸ்டர்களை டார்ச் அடித்துப் பார்த்தேன். வெடிப்பு இல்லை, கருகல் இல்லை. வரிசையாக என் பொட்டுகள். திருப்தியாகத் திரும்பினேன்.

மறுநாள், காலை 7.40

பெரிய அடி. சார்ஜ் கன்ட்ரோலர் கருகிவிட்டது. சோலாரிலிருந்து பேட்டரிக்கு இனி ஒரு சொட்டு மின்சாரம் ஏறாது. வண்டிக்குத் திசை காட்டும் தானியங்கி ஒலியும் போயிற்று.

அரெஸ்டர்கள் இருந்தும் எப்படி? வெளியே போய்க் கையுறையால் பொட்டுகளைத் துடைத்தேன். ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் நகத்தளவு கண்ணாடி ஜன்னல் உண்டு. பச்சை தெரிந்தால் உயிரோடு இருக்கிறது, சிவப்பு தெரிந்தால் செத்துவிட்டது. பொட்டு வைக்கத் தோதான இடமென்று அந்த ஜன்னல்களின் மேல்தான் வைத்திருக்கிறேன். இருபது வருடமாக டவர் வேலை பார்ப்பவள்.

குங்குமத்துக்கு அடியில் எல்லாமே சிவப்பு. நேற்று மாலையே செத்திருக்கின்றன. அவற்றைப் பார்த்துத்தான் நான் திருப்திப்பட்டேன்.

ஸ்டோரில் புதியது ஒன்றே ஒன்று இருக்கிறது.

காலை 8.25

மெகருன்: "மேடம், கண்ணாடிக்கு வெளிய எதுவுமே தெரியல. இடது பக்கம் பள்ளம்னு மட்டும் தெரியும். ஆக்சிஜன் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் தாங்கும்."

வழி ஒன்றுதான். நான் மைக்கில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். என் குரல் எந்தப் பக்கம் பலமாகக் கேட்கிறதோ, அந்தப் பக்கம் அவர்கள் வண்டியைத் திருப்ப வேண்டும்.

ஆனால் அனுப்பும் கருவிக்கு ஓர் அரெஸ்டர் வேண்டும், கேட்கும் ரிசீவருக்கு ஒன்று. பாதுகாப்பில்லாத ரிசீவரை அப்படியே விட்டால் அடுத்த அடி அதன் வழியாக நுழைந்து அனுப்பும் கருவியையும் எரித்துவிடும். ரிசீவரைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றினால் அவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது. அவர்களிடம் சொன்னேன்.

இசக்கி: "கழட்டுங்கக்கா. ஒங்க வாயத் தொறக்க வைக்கணும்னா செவ்வாய்ல புயலே அடிக்கணும் போல. நாங்க பதில் சொல்லலன்னு கோவிச்சுக்கிடாதீங்க, என்ன?"

கழற்றினேன்.

பகல் 11.50

பேசுகிறேன். என் திருமணம் முறிந்த கதை, ரசம் வைக்கும் முறை, பதினாறாம் வாய்ப்பாடு. இவ்வளவை நான் யாரிடமும் பேசியதில்லை. பதில் வராத இடத்தில் பேசுவது எளிதாக இருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று அடிகள் விழுந்தன. புதிய அரெஸ்டரின் ஜன்னல் இன்னும் பச்சை.

மாலை 3.15

எர்த் குழி காய்கிறது. இந்த மண்ணில் ஈரமே இல்லை. குழி காய்ந்தால் அரெஸ்டர் வாங்கும் மின்சாரம் இறங்க இடமிருக்காது. ஊரில் செய்வதுபோல உப்பைக் கரைத்து ஊற்றினேன். குடிதண்ணீரில் பாதி போயிற்று.

பேட்டரி வேகமாக இறங்குகிறது. அறை ஹீட்டரை அணைத்துவிட்டேன். மைக்குக்கு மட்டும் மின்சாரம்.

மாலை 6.00

கதவு தட்டப்படவில்லை.

சிக்கனமாக மூச்சு விட்டால் இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும். மெகருன் சிக்கனக்காரி.

மீதித் தண்ணீரையும் உப்போடு குழியில் ஊற்றிவிட்டேன்.

மறுநாள், காலை 6.20

குரல் கம்மிவிட்டது. விரல்கள் மடங்கவில்லை.

புயல் அடங்கிவிட்டது. வெளியே தெளிவாகத் தெரிகிறது. டவரில் பொறி இல்லை. ரிசீவரை இப்போது பயமில்லாமல் இணைக்கலாம். வயர் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது.

வடக்குப் பக்க ஜன்னல் வழியாகப் பார்க்கவில்லை. வயரையும் தொடவில்லை.

இணைக்காதவரை அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: மைக்கை அணைத்துவிடாதீர்கள். நான் பேச முடியாமல் போயிருந்தால் நீங்கள் பேசுங்கள். எதையாவது பேசுங்கள். இடது பக்கம் பள்ளம் இருப்பதை நடுநடுவே சொல்லுங்கள்.

"இசக்கி, இடது பக்கம் போயிராதப்பா. சத்தம் கூடுற பக்கமா வா. பதினாறு ஒண்ணு பதினாறு. பதினாறு ரெண்டு