கேட்காமல் எடுத்த சுவர்

சமயநல்லூர்
செவ்வாய்க்கிழமை, மதியம்

அன்பு மகள் பவதாரிணிக்கு அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, அம்மாவுக்கு மட்டும் பிரஷர் ஏறி மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால் அது தானாக இறங்கிவிடும் என்கிறாள், ஆகவே சாப்பிடு. போன் கையில் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். வாய்ஸ் அனுப்பினால் வெட்டுவார்கள், வீடியோ அனுப்பினால் வெட்டுவார்கள், வெட்டின இடம் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. தாளை வெட்டினால் வெட்டினது தெரியும். அதனால்தான் கைப்பட எழுதி, உன்னுடைய பழைய ஜாய்ஸ் டீச்சரிடம் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் நாளைக்கு விமானத்தில் மகன் வீட்டுக்கு டெல்லி வருகிறார்கள், வியாழக்கிழமை உன் ஹாஸ்டலுக்கே வந்து தருவார்கள். நீ வெள்ளிக்கிழமை தேர்தலிலிருந்து வாபஸ் வாங்கப் போவதாக ஞாயிறு அன்று அம்மாவிடம் சொன்னாயாம், மன்னிப்புக் கேட்டு வீடியோவும் போடப் போகிறாயாம். அதற்குள் இதைப் படித்துவிட வேண்டும்.

உங்கள் மாணவர் சங்கத் தேர்தல் கூட்டத்தில் நீ பேசினது இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பதை முதலில் சொல்கிறேன். "எங்க அப்பா கடைச் சுவரை ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு கட்சிக்குக் குடுப்பார், விரும்பி இல்லை, பயந்து" என்று நீ சொன்ன அந்த வீடியோத் துண்டு மட்டும், அடியில் தமிழில் எழுதி, வந்தது. இங்கே சட்டமன்றத் தேர்தல் கொதித்துக்கொண்டிருக்கிற நேரம். ஒரு சேனலில் கடைக்காரரை மிரட்டிச் சுவரைப் பிடுங்கின கட்சி என்று ஒரு மணி நேரம் விவாதம், இன்னொரு சேனலில் பெற்ற தகப்பனையும் பிறந்த ஊரையும் கோழை என்று சொன்ன மாணவி என்று ஒரு மணி நேரம். துண்டு ஒன்றே, கதை மட்டும் எதிரும் புதிரும். டைல்ஸ் விற்கிறவன் பெட்டியிலிருந்து ஒரே ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் காட்டுவான், நான் எப்போதும் பெட்டியைப் பிரித்து அடுக்கிக் காட்டித்தான் விற்றிருக்கிறேன், அதனால் அடியில் இன்னும் கல் இருக்கும் என்று எனக்குப் பட்டது. உன்கூடப் படித்த நம் மெர்வின் இப்போது எதிர்க்கட்சி ஐ.டி. விங்கில் இருக்கிறான், ஊர் குரூப்பில் அதைப் போட்டவனும் அவன்தான். கூப்பிட்டுக் கேட்டேன். அங்கிள், நான் வெட்டல, வெட்டி வந்தத அனுப்புனேன், அம்புட்டுதான் என்றான். அப்படியானால் முழுசையும் தேடி எடுத்து என் முன்னாடி ஓட்டுடா என்று உட்காரவைத்தேன். நீ இங்கிலீஷில் பேசினதை அவன்தான் வரிவரியாகத் தமிழில் சொன்னான். அந்தப் பயத்தோடயே கடை நடத்தி என்னை இவ்வளவு தூரம் அனுப்பினவர் அப்பா, நாமும் இங்கே ஹாஸ்டல் ரூம் போய்விடும் புரொபசர் பகைத்துக்கொள்வார் என்று இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிக்கொண்டுதானே இருக்கிறோம், அவரைக் கேட்க நமக்கு என்ன யோக்கியதை என்று நீ முடித்திருக்கிறாய். மெர்வின் போனை அணைத்துவிட்டு, ஸாரி அங்கிள் என்றான். என்னிடம் சொல்லி என்ன, குரூப்பில் சொல் என்றேன். சொன்னானா என்று கேட்காதே, சொல்லவில்லை.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு தேர்தல் முடிந்த கையோடு கட்சிக்காரர்கள் அடுத்ததுக்குச் சுவரில் இடம் பிடித்து, நாலு மூலையிலும் கட்சிப் பேரும் வருஷமும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், அப்புறம் அந்தச் சுவர் சொந்தக்காரனுக்கே சொந்தமில்லை. திண்டுக்கல் ரோட்டைப் பார்த்த நம் சுவரின் மூலையில் மட்டும் எவனும் கை வைத்ததில்லை. ஓட்டு எண்ணின மறுநாளே நான் சுண்ணாம்பு அடித்துவிடுவேன், போன தடவை இவர்களுக்கு என்றால் இந்தத் தடவை அவர்களுக்கு, எழுதுகிற பெயிண்டை இரண்டு பேருமே நம் கடையில்தான் வாங்கினார்கள். சைக்கிளில் சுண்ணாம்பு மூட்டை வைத்து விற்றவன் ரோட்டு மேல் ஹார்டுவேர்ஸ் கடை வைத்து நிலைத்தது இந்த மாதிரி ஏற்பாட்டால்தான். இந்தத் தடவை ஆளுங்கட்சி, அதாவது விருமாண்டி மாமா கட்சியின் முறை, கிளைச் செயலாளர் என்பதால் அவரே வந்து கேட்டார், கொடுத்தேன், எழுதினார்கள். உன் துண்டு வந்ததும் எதிர்க்கட்சிக்காரர்கள் அதையே சாட்சியாக வைத்துத் தேர்தல் அதிகாரியிடம் புகார் கொடுத்துவிட்டார்கள், சுவர்க்காரர் மனசார சம்மதித்திருந்தால்தான் எழுதலாம் என்பது விதி. விருமாண்டி மாமா கடைக்கு வந்து, ஏண்ணே, ஒங்க கழுத்துல கத்திய வச்சா சொவரு கேட்டேன், காப்பி குடிச்சிட்டுத்தானே கேட்டேன், பிள்ள தெரியாமப் பேசிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, அதோட முடிஞ்சிரும் என்றார். குரலை உயர்த்தவில்லை. கூட வந்த நாலு பேர் உள்ளே வராமல் வண்டியை அணைக்காமல் நின்றார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் வந்து, மிரட்டுனாங்கன்னு மட்டும் சொல்லுங்க, மத்தத நாங்க பாத்துக்கிறோம் என்றார்கள். எதைப் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் கேட்கவில்லை.

இன்றைக்குக் காலையில் தாலுகா ஆபீசில் விசாரணை. வாசலில் இரண்டு கட்சிக்காரர்களும் நின்றார்கள். அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார், கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மிரட்டலா சம்மதமா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க ஐயா, டிக் போடணும் என்றார். சம்மதம் என்றால் என் மகள் பொய்க்காரி. மிரட்டல் என்றால் நான் பொய்க்காரன், விருமாண்டி மாமா வாயால் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. நான் இப்படிச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டார், நான் கொடுத்தேன். முடியாது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு ஒன்றும் நடந்திருக்காது. பிறகு ஒருநாள் ரோட்டோரம் லாரி நின்று லோடு இறக்குவது குற்றமாகிவிடும், கடை முன்னால் போட்டிருக்கிற தகரக் கொட்டகை அளவு மீறிவிடும். இது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும், அவர் இடத்தில் எதிர்க்கட்சிக்காரர் வந்திருந்தாலும் இதுதான், இதை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, இத எந்தக் கட்டத்துலங்கய்யா எழுத என்று கேட்டார். கட்டத்துக்கு வெளியில் எழுதுங்கள், இனிமேல் இந்தச் சுவரை யாருக்கும் கொடுப்பதாக இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்றேன். சொன்னது முழுதையும் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

நான் கடைக்கு வருவதற்கு முன்னாலேயே ஆபீஸ் ஆட்கள் வந்து சுவரை அழித்துவிட்டார்கள். இப்போது வாசலில் சிமெண்ட் லாரி நிற்கிறது, லோடு இறக்க விடவில்லை, இங்கே வண்டி நிற்கக் கூடாது என்று முகம் தெரியாத ஒருத்தன் வந்து டிரைவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நம் லோடுமேன்கள் எதிரே டீக்கடை நிழலில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்காமல் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களும் ஊரில் இருக்க வேண்டும். இத்தனை வருஷமும் வரும் வரும் என்று எதை நினைத்துச் சுவரைக் கொடுத்தேனோ அது வந்தே விட்டது. வந்த பிறகு அதன் உருவம் ஒரு லாரி அளவுதான் என்று தெரிகிறது, இன்னும் பெரிதாகலாம், இல்லை என்று சொல்லவில்லை. அம்மா இரண்டு தடவை போன் செய்துவிட்டாள், லாரி விஷயம் அவளுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே.

இனி உன் விஷயம். நீ சொன்னது பொய் இல்லை. நான் அதற்கு அனுசரிப்பு என்று பேர் வைத்திருந்தேன், நீ பயம் என்று சொன்னாய், எனக்கு வலித்தது, ஆனால் பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. தப்பு வேறு இடத்தில் இருக்கிறது பாப்பா. கட்சிக்காரன்கூட என் சுவரை என்னிடம் கேட்டுத்தான் எடுத்தான். நீ கேட்கவே இல்லை. உன் தேர்தலில் ஓட்டு வாங்க என் சுவரையும் என் பயத்தையும் எடுத்து அத்தனை பேர் முன்னால் எழுதினாய், நான் இங்கே அதன் கீழே உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவன் என்று உனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. இப்போது அப்பாவுக்காக வாபஸ் என்கிறாயே, அதையும் கேட்காமல்தான் செய்யப் போகிறாய். நீ விலகினால் மிரட்டல் நிஜம்தான் என்று ஒரு சேனல் போடும், பொய் சொல்லி மாட்டிக்கொண்டாள் என்று மற்றது போடும், நான் ஆபீசில் கட்டத்துக்கு வெளியே எழுதவைத்தது வீணாகிவிடும். ஜெயிக்க முடியாது என்று தோன்றி விலகினால் விலகு, படிப்பு கெடுகிறது என்றால் விலகு, அது உன் கணக்கு. என்னைக் காரணம் காட்டாதே. மன்னிப்பு வீடியோவும் வேண்டாம், அதையும் பாதியில் வெட்டுவார்கள். என்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை ஊருக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் கேள்.

என் சுவரை நீ கேட்காவிட்டாலும் இப்போது நானே உனக்குத் தருகிறேன். சுவர் சும்மாதான் இருக்கிறது, அந்தக் கதை இனி உன்னுடையது. அடுத்த கூட்டத்தில் சொல்லு, ஆனால் சுவர் அழிந்த வரைக்கும், லாரி நின்ற வரைக்கும் சொல்லு, அங்கே தலையாட்டுகிற பிள்ளைகளுக்கு அந்த விலையும் தெரியட்டும். தனியாக வெளியே போகாதே, கூட்டம் முடிந்தால் நாலு பேரோடு ஹாஸ்டலுக்குத் திரும்பு. டீச்சரிடம் முறுக்கும் பருப்புப் பொடியும் கொடுத்திருக்கிறது, ரூம் பிள்ளைகளுக்கும் கொடு. ஜெயித்தாலும் தோற்றாலும் தலை நிமிர்ந்து நல்லபடியாக இரு, அழகர் துணை. இந்தக் கடிதத்தை யாரிடமாவது காட்டுவதாக இருந்தால் முதல் வரியிலிருந்து கையெழுத்து வரைக்கும் காட்டு, இல்லையென்றால் மடித்துப் பெட்டியில் வை. லோடுமேன்களில் ஒருத்தன் எழுந்து லாரிப் பக்கம் வருகிற மாதிரி இருக்கிறது, நானும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மூட்டைக்குத் தோள் கொடுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. அழகுபாண்டி