ஹெல்பர் இல்லை, சமையல்காரி

வட்டகொடை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நிலக்ஷி அப்பாவுக்கு,

வடிவு எழுதுகிறேன். நானும் பிள்ளையும் நல்ல சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் அறையில் இருக்கிற எட்டுப் பேருக்கும் கேட்கும் என்று இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பும் ஆண்டியப்பன் அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

எனக்கு ஹட்டனில் வேலை கிடைத்துவிட்டது. புதிதாகத் திறந்த ஹோட்டலில் சமையல்காரி. வருகிற முதலாம் திகதியிலிருந்து. சந்தோஷத்தில் அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அங்கே போய்ச் சமைத்துக் காட்டினேன். அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. ஆனால் இப்போது வேலை செய்யும் இடத்திலிருந்து சர்விஸ் லெட்டர் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்தால்தான் எடுப்போம் என்றார்கள். நம் டூரிஸ்ட் பங்களா முதலாளியம்மா நோனாவிடம் கேட்கப் பயந்து பயந்து நாளைக் கடத்தினேன். கடைசியில் வெள்ளி காலையில்தான் கேட்டேன். உடனே டைப் அடித்து, உறையில் போட்டுத் தந்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் பிரித்துப் பார்த்தேன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் ‘கிச்சன் ஹெல்பர்’ என்று இருந்தது உடனே கண்ணில் பட்டது. ஒன்பது வருஷம் மேசன் வேலை பார்த்த பிறகும் உங்கள் ஒப்பந்தத்தில் ஹெல்பர் என்றுதானே போட்டிருக்கிறார்கள். எனக்கும் அதே கதியா? தலவாக்கலைக்கு முன்னாலேயே இறங்கி, தேயிலை மலைக்குள் குறுக்கு வழியில் திரும்பி நடந்தேன்.

நோனா கடிதத்தைக் கையில் வாங்கவே இல்லை. சம்பளத் தாளில் அப்படித்தான் இருக்கிறது என்றார். நான் சிங்களத்தில் கேட்டது இதுதான்: “பழைய குக் போனதுக்குப் பொறகு ஆறு வருஷமா அடுப்படியில நின்னது யாருங்க நோனா? அதத்தான் எழுதச் சொல்றேன். கூட ஒண்ணும் கேக்கல.”

நோனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “குக்னு எழுதினா ஒன்னைய உடனே எடுத்துக்குவாங்க. அதான் எழுதல” என்றார்.

கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள் வருவதாக இருந்தார்கள். “நீங்க எழுதி வைங்க நோனா, நான் சமைச்சு முடிச்சிட்டே போறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

கடைசித் தட்டை அனுப்பும்போது நோனா குசினிக்கே வந்தார், கையில் புதுக் கடிதம். ஒவ்வொரு வரியையும் எனக்குச் சிங்களத்தில் சொன்னார். சண்முகவடிவு ஆறு வருஷமாகப் பிரதான சமையல்காரி. அடுப்படியைத் தனியாக நடத்தியவர். அதற்குக் கீழே, இவரை அனுப்ப எனக்கு மனமில்லை என்று எழுதியிருந்தார். நான் அழுதுவிட்டேன். மணி மூன்றாகிவிட்டது, பஸ்ஸுக்கு நின்றால் ஹோட்டல் ஆபீஸை மூடிவிடுவார்கள் என்று தன் வேனிலேயே அனுப்பி வைத்தார்.

ஹோட்டல் மனேஜர் அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தார். எப்போது வரமுடியும் என்று மட்டும்தான் கேட்டார்.

மாசியில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் எடுங்கள். ஹட்டனில் எங்கே பார்த்தாலும் கட்டட வேலைதான், மேசன் கிடைக்காமல் அலைகிறார்கள். ஹோட்டலுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறேன். நானும் நிலக்ஷியும் மட்டும் இருக்க அது பெரிய வீடு. மூன்று பேருக்குச் சரியாக இருக்கும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வடிவு